பார்வையால் ஆண்ட முதலாளி

வாணிபத்தில் தலைமை தாங்குவோனுக்கு வேண்டிய பண்புகள் யாவை என்னும் வினா, வகுப்பறையிலே பல்லாண்டுகளாக என்னைத் தொடர்ந்து வந்த வினாவாகும். துணிவு, தூரநோக்கு, நேர்மை, சிக்கனம் என்று மாணாக்கர் வரிசையாக எழுதுவர். நானும் வரிக்கு வரி புள்ளியிட்டு வந்தேன். ஒருநாள், பின்வாங்கில் இருந்த மாணாக்கன் ஒருவன் எழுந்து, இத்தனை பண்பும் பொருந்திய ஒருவர் உண்மையிலே இருந்தாரா, இருந்தால் அவர் நட்டப்படாமல் தொழில் நடத்தினாரா என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில், கைவசம் விடை இருக்கவில்லை.

றொபேட் ஓவன் என்ற பெயரைக் கூட்டுறவு வரலாற்றுப் பாடத்திலே ஒரே வரியிற் படிப்பித்துக் கடந்து போனவன் நான். கூட்டுறவின் தந்தை என்று சொல்லுவேன். மாணாக்கர் கோடிட்டுக் கொள்வர். அத்துடன் அவர் கதை முடிந்துவிடும். அவர் கால் நூற்றாண்டு காலம் பஞ்சாலை நடத்தி, பெரும் பொருள் ஈட்டிய முதலாளி என்பதை நான் நின்று எண்ணிப் பார்த்ததில்லை. மாணாக்கனின் கேள்விக்குப் பின்னரே, அவர் 1857 ஆம் ஆண்டில் வெளியிட்ட சுயசரிதையைத் தேடி வாசித்தேன். எண்பத்தாறு வயதுக் கிழவர் தம்மைப் பற்றித் தாமே எழுதிய நூல் அது. தற்புகழ்ச்சி ஆங்காங்கே தலைகாட்டுகிறது. ஆண்டுக் கணக்குகளிலும் சில தடுமாற்றங்கள் உள. இவற்றைக் கழித்துப் பார்த்தாலும் எஞ்சி நிற்கும் மனிதர் சாதாரணர் அல்லர்.

வேல்ஸ் நாட்டிலே, செவேண் ஆற்றங்கரையில் நியூற்றவுண் என்னும் சிற்றூரில், 1771 ஆம் ஆண்டு மே மாதம் 14 ஆந் திகதி ஓவன் பிறந்தார். தந்தையார் குதிரைச் சேணம் தைப்பவர். இரும்புச் சாமான் வியாபாரமும் ஊர்த் தபால் வேலையும் அவர் கையிலேயே இருந்தன. பிள்ளைகள் எழுவர், ஓவன் ஆறாமவர். பள்ளிக்கு எல்லோருக்கும் முன்னதாகப் போய்ச் சேரவேண்டும் என்பது சிறுவனுடைய ஆசை. ஒரு காலை, அந்த அவசரத்திலே, மேலே ஆறியிருந்தும் உள்ளே கொதித்துக்கொண்டிருந்த கூழை ஒரு கரண்டி அள்ளி விழுங்கிவிட்டான். வயிறு வெந்து மயங்கி வீழ்ந்தான். பிள்ளை இறந்தான் என்றே பெற்றோர் எண்ணினராம். உயிர் மீண்டது, ஆனால் சமிபாட்டுச் சக்தி மீளவில்லை. அன்று தொட்டு, எதை எவ்வளவு உண்டால் உடல் என்ன செய்கிறது என்று ஒவ்வொரு கவளத்தையும் கவனித்து உண்ணவேண்டியதாயிற்று. சின்னஞ்சிறு காரணங்கள் விளைக்கும் விளைவை உற்று நோக்கும் பழக்கம் தமக்கு அந்தக் கூழினாலேயே வந்தது என்று முதுமையில் அவர் எழுதுகிறார். வாழ்க்கை வரலாறுகளிலே இவ்வாறான காரணங் காட்டுதல்களை நான் எளிதில் நம்புவதில்லை. ஓவன் விடயத்திலோ, பின்னர் நடந்தவற்றைப் படிக்கப் படிக்க, கிழவர் பொய் சொல்லவில்லை என்றே தோன்றுகிறது.

ஏழு வயதிலே, தான் படித்த பள்ளியிலேயே சிறு பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லித் தரும் துணையாளனானான். பத்து வயதிலே, நாற்பது சிலிங் கைப்பணத்துடன் இலண்டனிலிருந்த தமையனிடம் புறப்பட்டான். அங்கிருந்து ஸ்ராம்போட் நகரத்துத் துணிக்கடைக்காரர் ஒருவரிடம் மூன்றாண்டுத் தொழில் பயிலச் சேர்ந்தான். முதலாண்டு ஊதியமில்லை, இரண்டாமாண்டு 8 பவுண், மூன்றாமாண்டு 10 பவுண். உயர்ந்த ரகத் துணிகளை விரலாலே தொட்டுத் தரம் அறியும் பயிற்சி அங்கே கிடைத்தது; நல்லதொரு நூலகமும் அவ்வீட்டில் இருந்தது. பின்னர் இலண்டன் பாலத்தருகே வேறொரு கடை. காலை எட்டு மணிக்கு முன்பே தலைமயிருக்கு எண்ணெயும் மாவும் பூசிக்கொண்டு நிற்கவேண்டும். இரவு பத்து மணிக்குமேல் வாடிக்கையாளர் ஓய்ந்தபின், குலைந்து கிடக்கும் துணிகளை மடித்தடுக்க நள்ளிரவு தாண்டி இரண்டு மணியாகிவிடும். படியேறிப் படுக்கைக்குச் செல்லக் காலில் வலுவில்லாது கைப்பிடியைப் பற்றி இழுத்து ஏறினாராம். வேலை நேரம் என்பது மனித உடம்பை என்ன செய்யும் என்பதை அவர் புத்தகத்திற் கற்றவரல்லர்.

மான்செஸ்ரர் அக்காலத்தே பஞ்சினாற் பொங்கிக்கொண்டிருந்த நகரம். அங்கே ஒரு கடையிற் சிலகாலம் இருந்தபின், தமையனிடம் 100 பவுண் கடன் வாங்கி, நூற்கும் பொறி செய்யும் ஒருவருடன் பங்கு சேர்ந்தார். பங்காளி வேறு பணக்காரரைக் கண்டதும் ஓவனைக் கழற்றிவிட்டார். ஆறு பொறிகள் தருவதாகச் சொல்லி மூன்றே தந்தார். அம்மூன்றையும் வைத்துக்கொண்டு, வாடகைக் கட்டடம் ஒன்றிலே மூன்று ஆட்களுடன் நூல் நூற்று, வாரத்துக்கு ஏறத்தாழ 6 பவுண் இலாபம் ஈட்டினார்.

இங்குதான் நான் வகுப்பில் இப்போது விரிவாகச் சொல்லும் நிகழ்ச்சி வருகிறது. டிறிங்வோட்டர் என்னும் செல்வர் மான்செஸ்ரரிலே பெரியதொரு நூற்பாலை வைத்திருந்தார். நூற்கும் தொழில் அவருக்குத் தெரியாது. மேலாளர் விலகிப் போய்விட, பத்திரிகையில் விளம்பரஞ் செய்தார். இருபது வயது ஓவன், தோற்றத்தில் இன்னும் இளையவர், போய் நின்றார். வாரத்தில் எத்தனை முறை குடிப்பாய் என்று செல்வர் கேட்டார். நாணிச் சிவந்த முகத்துடன், வாழ்நாளில் ஒருமுறையேனும் குடிவெறி கொண்டதில்லை என்றார் ஓவன். சம்பளம் எவ்வளவு வேண்டும் என்றதற்கு ஆண்டுக்கு 300 பவுண் என்றார். அன்று காலை வந்தோர் எல்லாருடைய கேள்வியையும் ஒன்றாய்க் கூட்டினாலும் அத்தொகை வராதே என்று செல்வர் திகைத்தார். தாம் சொந்தத் தொழிலில் அவ்வளவு சம்பாதிப்பதாகவும், கணக்கைக் காட்டத் தயார் என்றும் ஓவன் சொன்னார், காட்டவுஞ் செய்தார். வேலை கிடைத்தது.

ஐந்நூறு தொழிலாளர், புதுப் பொறிகள், விளக்கிச் சொல்ல ஓர் ஆளும் இல்லை. உள்ளே நுழைந்த முதல் நாளே, எத்தகைய மடத்தனஞ் செய்துவிட்டோம் என்று அவர் நடுங்கினார். பிறகு செய்ததுதான் வியப்பு. காலையில் முதல் ஆளாய் வந்து கதவைத் திறப்பார். இரவில் கடைசி ஆளாய்ப் பூட்டுவார். பகல் முழுவதும் பகுதி பகுதியாக நடந்து, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு பார்ப்பார். கேட்டதற்கு ஆம், இல்லை என்ற அளவிலே விடை. அதற்குமேல் ஒரு சொல் இல்லை. ஆறு வாரங்கள் ஒரு கட்டளையேனும் இடவில்லை. ஆறு வாரம் கழிந்தபோது, எந்தப் பொறி எங்கே இடறுகிறது, எந்த மேற்பார்வையாளர் எதை மறைக்கிறார், எங்கே பஞ்சு வீணாகிறது என்பதெல்லாம் அவருக்குப் புலப்பட்டிருந்தது. அதன் பின்னரே கட்டளைகள் பிறந்தன. இறாத்தல் பஞ்சுக்கு 120 சிட்டம் என்றிருந்த நூலின் மென்மை, சில ஆண்டுகளில் 250 க்கு மேலாக உயர்ந்தது. ஓவன் பெயர் பொறித்த நூற்கட்டு சந்தையிலே தனி விலை பெற்றது.

புதிதாகப் பதவி ஏற்போர் முதல் வாரத்திலேயே சுற்றறிக்கை விடுவதைக் கண்டு பழகிய நமக்கு, இந்த ஆறு வார மௌனம் சிறிது உறைக்கவேண்டும். அது அறியாமையை மறைக்க எடுத்த வேடம் என்று சொல்வாரும் உளர். வேடந்தான்; அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் வேடத்துக்குள்ளே கண்கள் விழித்திருந்தன.

டிறிங்வோட்டர் நான்காம் ஆண்டில் பங்கு தருவதாக எழுத்தில் உறுதி செய்திருந்தார். இடையிலே, மகளை மணக்க வந்த பெரும் ஆலைக்காரர் ஒருவர் குடும்பத்துக்கு வெளியாட்கள் பங்காளராகக் கூடாது என்று சொல்ல, செல்வர் ஓவனை அழைத்து, வேண்டிய சம்பளம் கேள், பங்கை விட்டுவிடு என்று மன்றாடினார். ஓவன் சட்டைப் பையிலிருந்த ஒப்பந்தத்தை எடுத்து எதிரேயிருந்த கணப்பிலே போட்டார். வேலையையும் விட்டார். வழக்காடியிருக்கலாம், இளமைச் செருக்கு என்றுஞ் சொல்லலாம். எவ்வாறாயினும், மான்செஸ்ரர் வணிகர் நடுவே அவருடைய சொல்லுக்கு மதிப்பு ஏறிற்று.

பின்னர் வேறு பங்காளருடன் சேர்ந்து தொழில் நடத்திய காலத்தில், நூல் விற்கக் கிளாஸ்கோ நகருக்குப் போய்வரலானார். அங்கே டேவிட் டேல் என்னும் வங்கியாளரின் மகள் கரோலினைக் கண்டு விரும்பினார். டேல், கிளைட் ஆற்றின் நீர்வீழ்ச்சிகளருகே நியூ லனார்க் என்னுமிடத்தில் 1780 களில் நிறுவிய பெரும் ஆலைகளின் உரிமையாளர். மகளைக் கேட்கத் துணிவில்லாதவர் ஆலையை விலை கேட்டார் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அது பெரும்பாலும் உண்மையே. ஆண்டுக்கு 3,000 வீதம் இருபதாண்டில் 60,000 பவுண் என்று விலை முடிந்தது. 1799 இல் திருமணமும் நடந்தது. 1800 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி ஓவன் நியூ லனார்க்கின் பொறுப்பை ஏற்றார்.

அவ்வூரின் நிலையைச் சற்றே சொல்லவேண்டும். ஏறக்குறைய இரண்டாயிரம் மக்கள். அவர்களில் ஐந்நூறு பேர் எடின்பரோ, கிளாஸ்கோ அநாதை இல்லங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட குழந்தைகள். ஐந்து, ஆறு வயதினரும் அவருள் உண்டு. டேல் இரக்கமுள்ளவர், பிள்ளைகளுக்கு நல்லுணவும் மாலைப் பள்ளியும் வைத்திருந்தார். ஆயின், பகல் முழுவதும் ஆலையில் நின்ற பிள்ளை, மாலையில் எழுத்துப் பலகையின் மேலே தூங்கி விழாது வேறென்ன செய்யும்? வளர்ந்தோரிடையே குடியும் களவும் மலிந்திருந்தன. பசித்துவந்த மக்களுக்குக் கடன் கொடுத்து, மட்டமான பண்டங்களை உயர்ந்த விலைக்கு விற்கும் கடைகள் ஊரைச் சூழ்ந்திருந்தன.

புது முதலாளியை எவரும் நம்பவில்லை. மொழியும் சமயமும் வேறான அந்நியர். கூடுதலாக வேலை வாங்க வந்தவர் என்றே கருதினர். ஓவன் அவசரப்படவில்லை. மொத்தமாகப் பண்டங்களை வாங்கி, அடக்கவிலைக்குச் சற்றே மேலாக விற்கும் கடையை ஆலையே திறந்தது. குடும்பச் செலவிற் காற்பங்கு மிச்சமாயிற்று என்கிறார். அநாதைப் பிள்ளைகளை இல்லங்களிலிருந்து எடுப்பதை நிறுத்தினார். பத்து வயது நிரம்பாதவரை ஆலைக்குள் விடுவதில்லை என்று விதித்தார். வீடுகளுக்கு மேல்மாடி சேர்த்தார். தெருக் குப்பைகளை அகற்றினார். வீடுகளின் சுத்தம் பார்க்க ஒரு குழு அமைத்தபோதோ, பெண்கள் கொதித்தெழுந்தனர். மூட்டைப்பூச்சி வேட்டைக்காரர் என்று அக்குழுவினருக்குப் பெயர் சூட்டிக் கதவைத் தாழிட்டனர். பெண்கள் பக்கமே நியாயம் என்பது என் கட்சி. நன்மை செய்கிறோம் என்ற நினைப்பிலே பிறர் வீட்டு அடுக்களையை எட்டிப் பார்க்கும் குணம் ஓவனை இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

அவருடைய புகழ்பெற்ற கருவி, மௌனக் கண்காணி என்று சொல்லத்தக்க சிறு மரத்துண்டு. இரண்டு அங்குல நீளம், நான்கு பக்கம், கறுப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை என்று பக்கத்துக்கொரு நிறம். ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் அது தொங்கும். முன்னாளைய நடத்தை தீதாயின் கறுப்பு முன்னே தெரியும். மிக நன்றாயின் வெள்ளை. மேற்பார்வையாளர் இட்ட நிறம் தவறென்று கருதும் எவரும் ஓவனிடமே நேரே வந்து முறையிடலாம். அவர் பொறிகளுக்கிடையே நடந்து செல்வார், மரத்துண்டைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், ஒன்றும் பேசார். அடியும் அபராதமும் வசையும் ஆலைகளின் பொது நெறியாயிருந்த காலம் அது. தொடக்கத்திலே கறுப்பு மிகுந்திருந்த கூடங்களில் மெல்ல மெல்ல மஞ்சளும் வெள்ளையும் பெருகின. பள்ளிப்பிள்ளைகளுக்குரிய முறையை வளர்ந்த மனிதருக்கு வைத்தாரே என்று இன்று படிக்கையில் மனம் கூசுகிறது. பிரம்பையே அறிந்திருந்தோர்க்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதையும் மறக்க முடியவில்லை.

இவையெல்லாம் செய்தும் ஊர் அவரை முழுதாக ஏற்கவில்லை. ஏற்க வைத்தது ஒரு தொல்லை. பிரித்தானியாவுடன் ஏற்பட்ட பகையாலே ஐக்கிய அமெரிக்கா தன் துறைமுகங்களிலிருந்து பருத்தி செல்வதைத் தடை செய்தது. பஞ்சின் விலை விண்ணைத் தொட்டது. அவ்விலைக்கு வாங்கி நூற்றால் நட்டம். தடை திடீரென நீங்கினால் பெருநட்டம். ஆலைகள் பல தொழிலாளரை வீதிக்கு அனுப்பின. ஓவன் பொறிகளை நிறுத்தினார். ஆனால் ஆட்களை நிறுத்தவில்லை. பொறிகளைத் துடைத்து எண்ணெயிட்டுச் சீராக வைத்திருப்பது ஒன்றே வேலை என்றும், கூலி முழுவதும் உண்டு என்றும் அறிவித்தார். நான்கு மாதங்கள் கிளைட் ஆற்று நீர் சக்கரத்தைச் சுழற்றாமல் ஓடியது. ஒருவர் கூலியிலும் ஒரு பென்சு குறையவில்லை. அந்நான்கு மாதத்துக்கும் ஏழாயிரம் பவுணுக்கு மேல் செலவாயிற்று.

அன்றுதான் நியூ லனார்க் அவரை நம்பியது. அதன்பின், தாம் முயன்ற எதற்கும் தொழிலாளரிடமிருந்து எதிர்ப்பு வரவில்லை என்கிறார்.

எதிர்ப்பு வேறிடத்திலிருந்து வந்தது. பங்காளர், கணக்கேட்டைப் புரட்டினர். பள்ளிக்கட்டடம் எதற்கு, மக்கள் வீட்டுக்குச் செலவு எதற்கு என்று கேட்டனர். 1809 இல் ஓவன், இந்த ஆலைக்கு 84,000 பவுண் விலை சொல்கிறேன், நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது என்னிடம் விடுங்கள் என்றார். அவர்கள் விட்டனர். ஐந்து வீத வட்டி போக 60,000 பவுண் இலாபத்தை அதுவரை பங்கிட்டுக் கொண்டவர்கள்தாம் அவர்கள். புதிய பங்காளரும் அதே பல்லவியைப் பாடினர். 1813 இறுதியிலே கிளாஸ்கோவில் ஆலை பகிரங்க ஏலத்துக்கு வந்தது. ஏலத்துக்கு முன்னதாக, ஓவன் ஆலையைக் கெடுத்துவிட்டார், 40,000 பவுண் பெறாது என்று பங்காளர் ஊரெங்கும் சொல்லித் திரிந்தனர். மலிவாய்ப் பிடிப்பதே நோக்கம். ஓவனோ, ஓசையில்லாமல் இலண்டன் சென்று, ஐந்து வீதத்துக்கு மேல் இலாபம் வேண்டாம், மிச்சத்தை மக்கள் நலத்துக்கே செலவிடலாம் என்று இசைந்த புதிய கூட்டாளிகளைச் சேர்த்து வந்திருந்தார். குவேக்கர் சமயத்தவரான வில்லியம் அலன், தத்துவ அறிஞர் பெந்தாம் ஆகியோர் அக்கூட்டத்தினர். ஏலம் ஏறியேறி, 114,100 பவுணுக்கு ஓவன் பக்கம் வீழ்ந்தது. பின்னர் கணக்கு முடித்துப் பார்க்கையில், கெட்டுப்போன ஆலை என்று தூற்றப்பட்ட அந்நான்கு ஆண்டுகளிலே வட்டி நீங்கலாக 160,000 பவுண் இலாபம் கண்டிருந்தது.

வெற்றி பெற்றுத் திரும்பியவரை எதிர்கொள்ள ஊர் முழுவதும் திரண்டு வந்தது. பழைய லனார்க் பட்டினத்தருகே வண்டியை மறித்துக் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, தொழிலாளர் தாமே வண்டியை இழுத்துச் சென்றனர். ஓவன் வேண்டாமென்று தடுத்தும் கேட்கவில்லை. எங்கள் ஊர்த் தேர்வடத்தைப் பிடித்தவர்களுக்கு அந்தக் காட்சியை நான் விவரிக்கத் தேவையில்லை.

மாணாக்கன் கேட்ட கேள்விக்கு விடை இவ்விடத்திலே கிடைத்தது. நட்டப்படவில்லை, கொழுத்த இலாபம் கண்டார். பொறிகளைத் துடைத்து எண்ணெயிட்டு வைத்தால் இலாபம் என்று அறிந்த நீங்கள், உயிருள்ள பொறிகளாகிய தொழிலாளரையும் அவ்வாறே பேணிப் பாருங்கள், அதனினும் பன்மடங்கு வரும் என்று ஆலைக்காரர்க்கு அவர் எழுதினார். மனிதரைப் பொறி என்றது எனக்குப் பிடிக்கவில்லை. எனினும், கேட்போர் செவிக்கு எந்த மொழி ஏறும் என்பதை அறிந்து எழுதியிருக்கிறார்.

ஆசிரியராகிய எனக்கு அதிகம் இனித்தது 1816 சனவரி முதலாந் திகதி அவர் திறந்த பள்ளி. நடக்கத் தொடங்கிய குழந்தைகளையும் அங்கே சேர்த்தார். சின்னஞ் சிறாரைப் பார்க்க அவர் தெரிந்தெடுத்தவர் புலவரல்லர். படிப்பு அதிகமில்லாத நெசவுகாரர் யேம்ஸ் புக்கனன், அவருக்குத் துணையாகப் பதினேழு வயது ஆலைப்பெண் ஒருத்தி. குழந்தைகளிடத்தில் பொறுமையும் அன்பும் இருந்ததைக் கண்டே எடுத்தார். அடித்தல் கூடாது, கடுஞ்சொல் கூடாது, புத்தகத்தை அவர்கள்மேல் திணிக்கக் கூடாது, இலையும் கல்லும் விலங்கின் படமும் பூமிப்படமும் காட்டி, பிள்ளைகள் கேட்பதற்கு விடை சொல்லவேண்டும். ஆடலும் பாடலும் பாடத்தின் பகுதி. பிள்ளைகள் நடனமாடுவதும் முழங்காற் பாவாடை அணிவதும் வில்லியம் அலனுக்குப் பொறுக்கவில்லை. சமயபோதனை குறைவு என்றும் குறை கூறினார். அந்தப் பிணக்கு நீண்டு, 1824 இல் ஓவன் பணிய நேர்ந்தது. பெரியவருக்கு வேலை நேரம் உணவு வேளை நீங்கலாகப் பத்தே முக்கால் மணியாகக் குறைந்ததும் 1816 இலேயே.

இப்புதுமையைக் காணத் திரண்டவர் பலர். பத்தாண்டிலே இருபதினாயிரம் பேர் வந்துபோயினர். பின்னாளில் உருசியச் சக்கரவர்த்தியான நிக்கலசும் அவருள் ஒருவர். ஆலைக்காரர் மட்டும் அசையவில்லை. 1815 இல் கிளாஸ்கோவில் அவர்களைக் கூட்டி இரண்டு தீர்மானங்கள் கொணர்ந்தார். பஞ்சு இறக்குமதி வரியை நீக்கக் கோருவது ஒன்று; ஏகமனதாக நிறைவேறியது. ஆலைப் பிள்ளைகளின் வேலை நேரத்தைக் குறைப்பது மற்றொன்று. ஆமோதிக்க ஓர் ஆளில்லை. அவர் பாராளுமன்றத்தை நாடினார். நான்காண்டு இழுபறிக்குப் பின் 1819 இல் சட்டம் வந்தது. அவர் கேட்டது பத்து வயது எல்லை, கிடைத்தது ஒன்பது. அவர் கேட்டது பத்தரை மணி, கிடைத்தது பன்னிரண்டு. பஞ்சாலைகளுக்கு மட்டுமே அது பொருந்தும். மேற்பார்க்கத் தனி அதிகாரியும் இல்லை.

இதன் பின்னர் அவர் மனம் நியூ லனார்க்கில் அடங்கவில்லை. உலகம் முழுவதும் இவ்வாறான ஊர்களாகலாம் என்று பேசலானார். 1824 இறுதியில் அமெரிக்கா சென்று, இந்தியானா மாநிலத்திலே வாபாஷ் ஆற்றங்கரையில் சமயக்குழுவினர் கட்டியிருந்த ஊரொன்றை முழுவதாக விலைக்கு வாங்கி, நியூ ஹாமனி எனப் பெயரிட்டார். எவரும் வரலாம் என்று அழைத்தார். எண்ணூறு பேருக்குமேல் வந்தனர். அறிஞரும் வந்தனர், சோம்பேறிகளும் வந்தனர். உழவு தெரிந்தோர் குறைவு; பேசத் தெரிந்தோர் மிகுதி. ஓவன் சில வாரங்கள் இருந்து சொற்பொழிவாற்றிவிட்டு இங்கிலாந்து போய்விட்டார். மறுபடி வந்தது 1826 தொடக்கத்தில். இரண்டாண்டுக்குள் யாப்புக்குமேல் யாப்பாக எழுதித் திருத்தினர். 1827 இல் முயற்சி குலைந்தது. அவருடைய செல்வத்தின் பெரும்பகுதி அத்துடன் கரைந்தது.

இந்தத் தோல்வியைப் பொதுவுடைமைக் கனவின் தோல்வி என்று எழுதுவோர் உண்டு. எனக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. மான்செஸ்ரர் ஆலையிலே ஆறு வாரம் வாயை மூடிக் கண்ணைத் திறந்திருந்த இளைஞர், ஐம்பத்து நான்கு வயதிலே கண்ணை மூடி வாயைத் திறந்துவிட்டார். வந்தவரைப் பார்த்துத் தெரிந்தெடுக்கவில்லை, இருந்து கவனிக்கவில்லை. நியூ லனார்க்கில் ஒவ்வொரு மரத்துண்டின் நிறத்தையும் நடந்து நடந்து கண்டவர், நியூ ஹாமனியைக் கடலுக்கப்பால் இருந்து கடிதத்தில் கண்டார். மற்றொன்றும் உண்டு. இரண்டு ஊரிலும் மக்களை அவர் கேட்டுச் செய்தது மிகக் குறைவு. நியூ லனார்க்கில் அவர் அருகிலிருந்தமையால் அக்குறை மறைந்தது. நியூ ஹாமனியில் வெளிப்பட்டது.

எஞ்சிய முப்பதாண்டை விரைந்து சொல்லிவிடலாம். ஆலையிலிருந்து விலகினார். உழைப்பு மணிக்கணக்கையே நாணயமாக்கிப் பண்டம் மாற்றும் நிலையம் ஒன்றை 1832 இல் இலண்டனில் தொடங்கினார்; அது நிலைக்கவில்லை. 1834 இல் நாடளாவிய தொழிற்சங்கம் ஒன்றின் தலைமையில் நின்றார்; அதுவும் சில மாதத்தில் உடைந்தது. முதுமையில் ஆவிகளுடன் பேசும் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கியது அன்பர் பலரை வருத்தியது.

அவர் நாட்டாத இடத்திலே விதை முளைத்தது. 1844 திசம்பர் 21 ஆந் திகதி, றொச்டேல் நகரில் இருபத்தெட்டுப் பேர் சேர்ந்து சிறு கடையொன்று திறந்தனர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் மெழுகுதிரியுமே சரக்கு. அவருட் சிலர் ஓவன் கொள்கையினர். ஆனால் அவர்கள் எவருடைய தயவையும் நம்பவில்லை. தம் சல்லியைத் தாமே சேர்த்தனர், தம் கணக்கைத் தாமே பார்த்தனர், வாங்கிய அளவுக்கேற்ப இலாபத்தைப் பங்கிட்டனர். அந்நெறி கடல் கடந்து பரவியது. இலங்கையிலே 1911 இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. 1942 இல் யப்பானியக் குண்டு வீச்சின்பின் உணவுப் பங்கீட்டுக்காகச் சங்கக் கடைகள் ஊருக்கூர் ஆயிரக்கணக்கில் எழுந்தன. கூப்பனும் உமலுமாக அக்கடை வாசலில் நின்றவர்கள் நம் பெற்றோர். ஓவனுக்கோ கடை பெரிதாகப் படவில்லை. அவர் கண்ட கனவு ஊர்.

1858 இன் இலையுதிர் காலத்தில் லிவர்பூல் மாநாடு ஒன்றிலே பேச எழுந்து, சில சொற்களோடு சோர்ந்து வீழ்ந்தார். சற்றுத் தேறியதும், பத்து வயதில் விட்டு நீங்கிய நியூற்றவுணுக்குத் தம்மைக் கொண்டுபோகும்படி கேட்டார். பிறந்த வீட்டுக்கு அடுத்திருந்த விடுதியில், நவம்பர் 17 ஆந் திகதி உயிர் நீங்கியது. பெற்றோரின் கல்லறைக்கருகே, செவேண் ஆற்றோரத்துப் பழைய தேவாலய முற்றத்தில் அடக்கஞ் செய்தனர். நியூ லனார்க் ஆலைகள் 1968 வரை நூற்றன. 2001 இல் அவ்வூர் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. நியூற்றவுண் கல்லறையைச் சூழ 1902 இல் இரும்பு வேலி அமைத்தவர்கள், மாவும் மெழுகுதிரியும் விற்ற கடைக்காரரின் வழிவந்த கூட்டுறவாளர்.